முப்பது மாற்றங்களுக்குப் பின்

மனிதன் மாறுகிறான், அவன் விரும்பிக் கேட்ட இசைத்தட்டு மாறுவதில்லை. ஒலிப்பதிவு என்னும் கலையின் வியப்பும் துயரமும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. மேடையில் பாடுபவர் ஒரே கீர்த்தனையை இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் பாடுவார். நூலைக்கூட நாம் நமது வேகத்தில்தான் படிக்கிறோம். கண் கலங்கினால் நிறுத்துகிறோம், சலித்தால் தாண்டுகிறோம். பதிவு செய்யப்பட்ட இசையோ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வேகத்தில் நடந்து, அதே இடத்தில் மூச்சு வாங்கி, அதே இடத்தில் முடிகிறது. மாறாத ஒன்றின் அருகே நிற்கும்போதுதான் நாம் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்பது புலப்படுகிறது. வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடிட்டுக் குறித்துவைப்போம் அல்லவா? சுவர் வளர்வதில்லை, அதனால்தான் அது அளவுகோலாகிறது.

உமக்கு மிகவும் பிடித்த இசைத்தொகுப்பு எது என்று எவரையேனும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இசையைப் பற்றிய விடை வராது. கல்லூரி விடுதி வரும். முதல் சம்பளம் வரும். திருமணத்திற்கு முந்தைய ஒரு மழைக்காலம் வரும். இசையை நேசிப்பதாக எண்ணிக்கொண்டு நாம் நமது இளமையை நேசித்துக்கொண்டிருக்கிறோம். இதில் பிழை ஏதுமில்லை. ஆயினும் திறனாய்வு என்ற ஒன்று உண்டென்றால், அது இங்கே ஒரு கேள்வியை எழுப்பியாக வேண்டும். நம் நினைவுகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் மட்டுமே ஓர் இசைத்தொகுப்பு வாழ்கிறதா? அல்லது நினைவுகள் அனைத்தையும் உரித்தெடுத்த பின்னும் நம்மிடம் சொல்வதற்கு அதற்கென்று ஏதேனும் இருக்கிறதா? என் வாழ்வின் மூன்று பருவங்களில் என்னுடன் வந்த மூன்று பதிவுகளை முன்வைத்து இக்கேள்வியை ஆராய விழைகிறேன்.

இல்லத்திற்கு வந்த விருந்தினர்

முதலாவது, இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?'. திரைப்படத்தின் துணையின்றி, பாடல் வரிகளின் துணையின்றி அவர் அமைத்த கருவியிசைத் தொகுப்பு அது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யொஹான் செபாஸ்டியன் பாக்கிற்கும் அதனை அவர் காணிக்கையாக்கினார். அடுத்த ஆண்டு, புதிதாக வேலையில் சேர்ந்து வாடகை அறையில் தங்கியிருந்த எனக்கு, அந்த ஒலிநாடா ஒரு நண்பரின் டூ-இன்-ஒன் வழியாக வந்து சேர்ந்தது. அன்று பாக் என்ற பெயரை நான் அறியேன். தொகுப்பில் ஓர் உருப்படிக்கு, பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்ற பொருள்படும் தலைப்பு. அடுத்ததற்கு, நாங்கள் உரையாடினோம் என்னும் பொருளில் அதன் தொடர்ச்சி. பாக் தனி வயலினுக்கென எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை அங்கே ஓடிக்கொண்டிருக்க, அதனோடு இளையராஜாவின் புதிய குரல்கள் பேச்சுக் கொடுக்கின்றன. வி. எஸ். நரசிம்மனின் வயலின் இரு உலகங்களுக்கும் பொதுவான நாவாக ஒலிக்கிறது.

அத்தொகுப்பின் அருமை அதன் துணிவில் மட்டும் இல்லை. அது கற்றுக்கொடுத்த செவிப் பழக்கத்தில் இருக்கிறது. நாம் மெட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். மேலே செல்லும் குரலைப் பின்தொடர்வதே நமக்கு இசை கேட்பதாக இருந்தது. இளையராஜா தம் திரைப்பாடல்களிலேயே அடியில் நடக்கும் பாஸ் ஒலிக்குத் தனி நடையும் தனி அறிவும் கொடுத்துவந்தார். 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பில் பாடகர் இல்லாததால் செவிக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று குரல்கள் தத்தம் வழியில் செல்வதையும், அவை மோதாமல் ஒன்றையொன்று தாங்குவதையும் கவனித்தே ஆக வேண்டும். இந்தப் பழக்கம் கைவந்திராவிடில், அடுத்து நான் கூறப்போகும் பதிவு எனக்கு வெறும் விரல் வித்தையாகவே இருந்திருக்கும்.

இருபத்திரண்டு வயதின் கைகள்

1955 ஜூன் மாதம் கனடா நாட்டு இளைஞர் ஒருவர் நியூயார்க்கின் முப்பதாம் தெருவிலிருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்திற்குள் நுழைந்தார். முன்னொரு காலத்தில் ஆலயமாக இருந்த கட்டடம் அது. இளைஞரின் பெயர் கிளென் கூல்ட், வயது இருபத்திரண்டு. அவர் வாசிக்கத் தேர்ந்தெடுத்தது, பாக் 1741-இல் அச்சிட்ட 'கோல்ட்பெர்க் மாற்றுருக்கள்'. அன்று அது பெரும்பாலும் புலமையாளர்கள் மட்டுமே போற்றிய, பொதுமக்கள் அதிகம் அறியாத படைப்பு. 1956 தொடக்கத்தில் இசைத்தட்டு வெளிவந்ததும் நிலைமை மாறியது. கூல்ட் உலகப் புகழ் பெற்றார். அவரோடு அப்படைப்பும் இல்லங்களுக்குள் நுழைந்தது.

படைப்பின் அமைப்பை இங்கே சற்று விளக்க வேண்டும். முதலில் 'ஆரியா' எனப்படும் அமைதியான தொடக்க இசை. பிறகு அதன் முப்பது மாற்றுருக்கள். இறுதியில் அதே ஆரியா, ஒரு சுரமும் மாறாமல், மீண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பாக் மாற்றி மாற்றி இழைப்பது ஆரியாவின் மேலே கேட்கும் மெட்டை அன்று. அதன் அடியில் நடக்கும் பாஸ் வரிசையையும், அதன்மேல் எழும் சுர இசைவையும்தான். எனவே தொடக்கத்தில் கேட்ட இனிய மெட்டு அதன்பின் மறைந்துவிடுகிறது. முப்பது முறையும் அடித்தளம் அதுவே. அதன்மேல் எழும் மாளிகைதான் வேறு. ஒவ்வொரு மூன்றாவது மாற்றுருவும் 'கேனன்' எனும் வகையைச் சார்ந்தது. ஒரு குரல் முன்னே செல்ல, மற்றொன்று அது சொன்னதையே சொல்லிப் பின்தொடரும். முதல் கேனனில் இரு குரல்களும் ஒரே சுரத்தில் நிற்கின்றன. அடுத்ததில் ஒரு சுரம் விலகுகின்றன. இவ்வாறு விலகிக்கொண்டே போய் இருபத்தேழாம் மாற்றுருவில் ஒன்பதாம் சுரத் தொலைவை எட்டுகின்றன. தொலைவு கூடினாலும் பின்தொடர்தல் நிற்பதில்லை.

கூல்ட்டின் 1955-ஆம் ஆண்டுப் பதிவு 38 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பாக் குறித்திருந்த மறுபகுதி வாசிப்புகளை அவர் முற்றிலும் விட்டுவிட்டார். வேகமான மாற்றுருக்களில் இரு கைகளும் ஒன்றையொன்று துரத்துகின்றன. எனினும் ஒரு சுரமும் மற்றொன்றின்மேல் சிந்துவதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனர் கொணர்ந்த ஒலிநாடாவில் இதைக் கேட்டேன். புதிதாக மணமாகி, பணியில் உயர்வு தேடி, எதையும் விரைந்து முடித்துவிட வேண்டும் என்று துடித்த பருவம் அது. அப்பதிவு என் நாடித் துடிப்பையே எனக்குத் திருப்பிக் காட்டியது.

ஆயினும் அதை இளமையின் தன்னிச்சையான பாய்ச்சல் என்று மட்டும் புகழ்வது முறையாகாது. கூல்ட் மாற்றுருக்களை முதலில் பதிவு செய்துவிட்டு ஆரியாவைக் கடைசியாகவே வாசித்தார். இருபது முறை வாசித்தும் நிறைவு கொள்ளாமல் இருபத்தோராம் முறை வாசித்ததையே ஏற்றுக்கொண்டார். எதற்காக? உணர்ச்சியைக் கூட்டுவதற்காக அன்று. மிகையான உணர்ச்சியைக் களைவதற்காக. பின்வருவன எவை என்பதை முன்கூட்டியே காட்டிவிடாத அளவுக்குத் தொடக்கம் எளிமையாக இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். அந்த இயல்பான எளிமைக்குப் பின்னே இருபது நிராகரிப்புகள் இருக்கின்றன. ஒலிப்பதிவு என்பது ஒரு கணத்தின் புகைப்படம் என்று எண்ணுவோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். அது பலமுறை அடித்துத் திருத்தப்பட்ட கவிதையைப் போன்றது.

நாற்பத்தெட்டு வயதின் கைகள்

1964 ஏப்ரல் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாசித்ததோடு கூல்ட் பொதுமேடையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. அதன்பின் ஒலிப்பதிவுக் கூடமே அவரது மேடை. ஒருமுறை பதிவு செய்ததை மீண்டும் பதிவு செய்வது அவரது வழக்கமன்று. இருந்தும் 1981-இல், நாற்பத்தெட்டாம் வயதில், அதே முப்பதாம் தெருக் கூடத்திற்கு அதே படைப்புடன் திரும்பினார். தந்தை பல ஆண்டுகளுக்கு முன் அமைத்துக்கொடுத்த அதே குட்டை நாற்காலியில் அமர்ந்தார். வாசிக்கும்போது தம்மையறியாது முனகும் அதே பழக்கம் இரு பதிவுகளிலும் கேட்கிறது. மற்றவை மாறியிருந்தன. ஸ்டெயின்வே பியானோவின் இடத்தில் யமஹா. பழைய ஒற்றைத் தட ஒலிப்பதிவின் இடத்தில் டிஜிட்டல் முறை. மொத்த நேரம் 38 நிமிடங்களிலிருந்து 51 நிமிடங்களாக நீண்டது. ஆரியா மட்டுமே, இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தது, மூன்று நிமிடங்களைக் கடந்தது.

தமது இளவயதுப் பதிவைப் பற்றி அப்போது அவர் கூறியது சிந்தனைக்குரியது. அதை வாசித்த மனிதரின் உள்ளத்தைத் தம்மால் இனங்காண முடியவில்லை என்ற பொருளில் அவர் பேசினார். இருபத்தைந்தாம் மாற்றுருவில் அன்று தாம் காட்டிய உருக்கம் அவருக்கு மிகையாகப்பட்டது. முப்பது துண்டுகளும் தனித்தனியே ஒளிர்ந்தனவேயன்றி ஒரே நாடித்துடிப்பில் கோக்கப்படவில்லை என்பது அவரது குறை. ஆகவே இரண்டாம் பதிவில் ஒரு மாற்றுருவின் வேகம் அடுத்ததன் வேகத்தோடு எண்கணக்கில் பொருந்துமாறு திட்டமிட்டார். அது வெளிவந்தது 1982 செப்டம்பரில். அம்மாதம் 25-ஆம் நாள் அவருக்கு ஐம்பது வயது நிறைந்தது. இரண்டு நாள் கழித்து மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நோயுற்றார். அக்டோபர் 4 அன்று மறைந்தார்.

இம்மரணம் இரண்டாம் பதிவின்மேல் ஒரு திரையை விரித்துவிட்டது. இளமையின் பதிவு, முதுமையின் பதிவு. வேகம், ஞானம் என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கை நான் ஏற்பதற்கில்லை. நாற்பத்தெட்டு முதுமையன்று; தாம் இறக்கப்போவதை அறிந்து அவர் வாசிக்கவுமில்லை. மெதுவாகச் செல்வதெல்லாம் ஞானமும் அன்று. இரண்டாம் பதிவின் முதல் மாற்றுரு, நீண்ட ஆரியாவின் அமைதியைக் கலைத்துக்கொண்டு எத்துணை உறுதியோடு எழுகிறது என்பதைக் கேட்டவர்கள் அதை விடைபெறும் குரல் என்று கூறமாட்டார்கள். முதற்பதிவில் ஒவ்வொரு மாற்றுருவும் தன்னை நிறுவிக்கொள்ள முயல்கிறது. இரண்டாவதில் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழிவிடுகிறது. என் செவிக்கு எட்டிய முதன்மையான வேறுபாடு இதுதான்.

உறக்கம் வராத இரவுகள்

இப்படைப்பைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. திரெஸ்டனில் ரஷ்யத் தூதராக இருந்த கைசர்லிங் பிரபு உறக்கமின்மையால் வருந்தினார் என்றும், அவரது இரவுகளுக்குத் துணையாகவே பாக் இதை இயற்றினார் என்றும், பிரபுவின் இளம் இசைஞர் கோல்ட்பெர்க் அடுத்த அறையிலிருந்து இதை வாசித்துவந்தார் என்றும் 1802-இல் பாக்கின் வரலாற்றை எழுதிய ஃபோர்க்கெல் கூறுகிறார். அச்சிட்ட நூலில் பிரபுவுக்குக் காணிக்கை எதுவும் இல்லை; கோல்ட்பெர்க்கிற்கு அப்போது வயது பதினான்கு. ஆதலால் ஆய்வாளர்கள் இக்கதையை ஐயுறுகிறார்கள். ஆனால் அது உண்மையாக இருக்கக்கூடிய ஒரு வீட்டை நான் அறிவேன்.

2015-ஆம் ஆண்டு என் மனைவி நோயில் விழுந்தாள். மருந்துகள் வலியைக் குறைத்தன, உறக்கத்தைத் தரவில்லை. அவளுக்கு மேலைநாட்டு இசையில் பழக்கமில்லை. அவளது விருப்பம் ஜிக்கியும் பி. சுசீலாவும். ஆனால் பாடல் வரிகள் வந்தால் பழைய நினைவுகள் வந்து தூக்கம் முற்றிலும் கலைந்துவிடுகிறது என்பாள். ஓர் இரவு 1955-ஆம் ஆண்டுப் பதிவைத் தாழ்ந்த ஒலியில் வைத்தேன். "இது யாரோ படிக்கட்டுல ஓடுற மாதிரி இருக்குங்க" என்றாள். அடுத்த இரவு 1981-ஆம் ஆண்டுப் பதிவு. சில நிமிடங்களுக்குப் பின், "இவர் நடந்து வர்றார். இதையே போடுங்க" என்றாள். நூல்கள் பல படித்தும் இதைவிடச் சுருக்கமான ஒப்பாய்வை நான் கண்டதில்லை. அதன்பின் ஏழு மாதங்கள், ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் அது எங்கள் அறையில் ஒலித்தது. சில இரவுகளில் அவள் உறங்கினாள். பல இரவுகளில் இருவரும் விழித்திருந்து கேட்டோம்.

அவள் சென்ற பிறகு ஒன்றரை ஆண்டுகள் அப்பதிவை நான் தொடவில்லை. அது இசையாக இல்லாமல் அவளது கட்டிலாக, மருந்து வாடையாக, சன்னல் வழியே வந்த தெருவிளக்கின் வெளிச்சமாக மாறிவிட்டிருந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி இங்கே எனக்கு வெறும் ஆய்வுக் கேள்வியாக இல்லாமல் போயிற்று. ஓர் இசைத்தொகுப்பு நினைவுகளாலேயே ஆனதென்றால், அந்த நினைவு தாங்க முடியாததாகும்போது அத்தொகுப்பும் நமக்கு இறந்துபோகிறது. கல்லறையை நாம் மதிக்கலாம். அதில் குடியிருக்க முடியாது.

உணவு மேசைப் பாடல்கள்

அத்தொகுப்பை மீட்டுத் தந்தது அதன் கட்டமைப்பேயன்றி என் மனவுறுதி அன்று என்பதே நான் இங்கு பதிவு செய்ய விரும்பும் சான்று. மீண்டும் கேட்கத் துணிந்த நாளில், இருபத்தைந்தாம் மாற்றுருவை அஞ்சியே அமர்ந்திருந்தேன். முப்பதில் மூன்று மட்டுமே சோகச் சாயலுடைய மைனர் சுர வரிசையில் அமைந்தவை. அவற்றுள் இறுதியானதும் ஆழமானதும் இதுவே. இப்படைப்பை முன்பே ஹார்ப்சிகார்டில் பதிவு செய்திருந்த வாண்டா லாண்டோவ்ஸ்கா அம்மையார் இதனைக் கருமுத்து என்று அழைத்தார். 1981-இல் கூல்ட் இதை அழுகையாக வாசிக்கவில்லை. கண்ணீர் வற்றிய ஒருவர் நடந்ததை நிதானமாக எடுத்துரைப்பது போல ஒவ்வொரு சுரத்தையும் வைக்கிறார்.

ஆனால் அது முடிவு அன்று. அடுத்த நொடியே இருபத்தாறாம் மாற்றுரு விரைந்து எழுகிறது. தொடர்ந்து கடைசிக் கேனன்; பின்னர் இரு கைகளும் முழங்கும் இருபத்தொன்பது. முப்பதாவது, பாக் மற்றுமொரு கேனனை வைத்திருக்க வேண்டிய இடம். அங்கே அவர் வைத்தது 'குவாட்லிபெட்', அதாவது பல பாமரப் பாடல்களை ஒன்றோடொன்று பின்னிப் பாடும் வேடிக்கை. நெடுநாள் பிரிந்திருந்ததைச் சொல்லும் பாட்டு ஒன்று. முட்டைக்கோசும் கிழங்கும் தின்று சலித்த பாட்டு மற்றொன்று. பாக் குலத்தார் ஆண்டுக்கொருமுறை கூடும்போது, முதலில் இறைப்பாடல் பாடிவிட்டு, பிறகு இத்தகைய வேடிக்கைப் பாட்டுகளைப் பாடிச் சிரிப்பார்கள் என்று ஃபோர்க்கெல் எழுதுகிறார். பத்து வயதிற்குள் தாய் தந்தையரை இழந்தவர் பாக். வெளியூரிலிருந்து திரும்பியபோது முதல் மனைவி அடக்கம் செய்யப்பட்டிருந்ததை அறிந்தவர். தாம் பெற்ற இருபது பிள்ளைகளில் பாதிப்பேரைச் சிறுவயதிலேயே மண்ணுக்குக் கொடுத்தவர். அம்மனிதர் தமது ஆழ்ந்த துயரத்திற்கு ஐந்து படிகள் கழித்து ஒரு குடும்பத்தின் உணவு மேசையை வைத்தார். துயரத்தை அவர் மறுக்கவில்லை. அதற்கு இருபத்தைந்தாம் இடத்தைக் கொடுத்தார், முப்பத்தோராம் இடத்தைக் கொடுக்கவில்லை.

நினைவு இருபத்தைந்தில் நின்றுவிட விரும்புகிறது. இசை அங்கே நிற்க மறுக்கிறது. எந்த ஓர் இசைத்தொகுப்பும் நம் நினைவைவிடப் பெரியது என்பதற்கு இந்த மறுப்பே அடையாளம். இப்போது ஒரு பாட்டைக் கைபேசியில் தொட்டால் அடுத்ததை இயந்திரமே தேர்ந்தெடுக்கிறது. மனநிலைக்கு ஏற்ற இசை என்று பட்டியலிட்டுத் தருகிறார்கள்; துயருற்றவனுக்குத் துயர இசை, களித்தவனுக்குக் களிப்பிசை. வசதிதான். ஆனால் அவ்வாறு கேட்பவன் இருபத்தைந்தாம் மாற்றுருவை மட்டும் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பான். இருபத்தாறு அவனுக்கு வராமலே போய்விடும். ஒருவர் திட்டமிட்டுக் கோத்த வரிசையை முதலிலிருந்து முடிவுவரை அமர்ந்து கேட்பதில் ஒரு பணிவு இருக்கிறது. அடுத்து எது வர வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்காமல் இருக்கும் பணிவு அது.

குவாட்லிபெட்டின் சிரிப்பு அடங்கியபின் ஆரியா திரும்புகிறது. பாக்கின் இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனாவின் இசைக் குறிப்பேட்டிலும், அவரது கையெழுத்திலேயே, இந்த ஆரியா காணப்படுகிறது. வீட்டில் அறியப்பட்ட இசை அது. சுரங்களில் எம்மாற்றமும் இல்லை. ஆயினும் முதலில் கேட்டபோது மெட்டை மட்டுமே பின்தொடர்ந்த செவி, இப்போது அதன் அடியில் நடக்கும் பாஸ் வரிசையையும் கேட்கிறது. முப்பது வேறுபட்ட மாளிகைகளைத் தாங்கியது இதுதான் என்று அது அறிந்துவிட்டது. வாழ்வில் நாம் மெட்டு என்று கருதிக் கொண்டாடியவை மறைந்தபின், ஓசையின்றி நம்மைத் தாங்கிவந்தது எது என்பதைக் கேட்கும் செவி நமக்கு வாய்க்குமானால், முதுமை இழப்பு மட்டும் ஆகாது.

வாசகர்களே, உங்கள் அலமாரியிலும் நீங்கள் எடுக்கத் தயங்கும் ஓர் இசைத்தட்டு இருக்கக்கூடும். ஒரு மாலையில் அதை எடுத்து, இடையில் நிறுத்தாமல், முடிவுவரை கேட்டுப் பாருங்கள்.